‘செட்’ படுத்திய பாடு

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கும்பகோணத்தில் எங்களுக்கு நாலு ஓடு பறந்ததோடு சரி. அக்கா வீடு மன்னார்குடிக்குத் தெற்கே. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அத்தானே பஸ் பிடித்து என் கடை வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க வாழைக் கறை.

“தென்னை நாப்பது சாஞ்சுடுச்சு மாப்ளே. மோட்டார் செட்டும் போச்சு. ஒரு மனு அடிச்சுக் குடு. இங்கிலீஷ்ல அடி, அப்பத்தான் மேல போகும்.”

இங்கிலீஷில் அடித்தால் மேலே போகும் என்பது ஒரு மூடநம்பிக்கை. தமிழ்நாட்டில் ஆட்சிமொழி தமிழ். தமிழில் எழுதிய மனுவை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. இதை இப்போது கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். அன்றைக்கு இருந்த அவசரத்தில் சொல்லவில்லை. மரம் 40, மோட்டார் செட் ஒன்று, முழுச் சேதம் என்று ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்து வாங்கி, நானே உறையில் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆள் வந்து பார்த்திருக்கிறார்கள். மரங்கள் சாய்ந்து கிடந்தன, எழுதிக்கொண்டார்கள். மோட்டார் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மோட்டார் இருந்த இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கரண்ட் வந்ததும் ஓடவும் செய்யும் என்று அத்தானே சொல்லியிருக்கிறார். போனது மோட்டார் அல்ல, அதற்கு மேலே போட்டிருந்த தகரக் கொட்டகை. மூன்று தகரம் பக்கத்து வாய்க்காலில் கிடந்தது, மீதி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அத்தான் சொன்னது ‘செட்டு’. நான் அடித்தது ‘செட்’. பறந்தது ‘ஷெட்’.

மனுவில் சொன்ன பொருள் சேதமில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடி ஒரு மனு, மறுபடி ஒரு நடை. அக்கா பத்து நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இது அன்றாடம் நடக்கிற குழப்பம்தான். மாட்டு செட்டு, கார் செட்டு, தகர செட்டு எல்லாம் ஷெட். வேறு சொல் வேண்டாம், கொட்டகை என்று நல்ல சொல் இருக்கிறது, ஆனால் வாயில் வருவது செட்டு. பம்பு செட்டு இன்னும் மோசம். கடையில் பில் போடும்போது அது மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஒரு ஜோடி, அதனால்தான் செட். ஆனால் “பம்பு செட்டுல குளிச்சுட்டு வரேன்” என்று சொல்கிற பையன் குளிப்பது மோட்டாரில் இல்லை, தொட்டியில். “பம்பு செட்டுல படுத்திருக்கார்” என்றால் அது கொட்டகை. ஒரே சொல்லுக்குள் இயந்திரம், கூரை, தொட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒருத்தருக்கொருத்தர் புரிந்துகொண்டுதான் இருக்கிறோம். காகிதத்தில் ஏறும்போதுதான் வம்பு.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் 1998இல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக ஆரம்பித்தேன். லோயர், ஹையர் எழுதுகிற பிள்ளைகள் குறைந்ததும் அது ஜெராக்ஸ், டிடிபி கடையாக மாறியது. இப்போது பாதி நேரம் அடிப்பது இல்லை, படித்துச் சொல்வதுதான் வேலை. வலங்கைமான், நாச்சியார்கோவில், திருவிடைமருதூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கையில் ஒரு ஆங்கிலக் கடிதத்தோடு வருவார்கள். “என்னன்னு பாத்துச் சொல்லுங்க.” ஜெராக்ஸுக்குக் காசு, படித்துச் சொல்வதற்குக் காசு கிடையாது. அதனாலேயே அதை அலட்சியமாகச் செய்துகொண்டிருந்தேன் என்று பின்னால்தான் உறைத்தது.

ஷெட் விவகாரத்துக்குப் பிறகு ஒரு நீளவாக்கு நோட்டு போட்டேன். முதல் பக்கத்தில் ‘செட்’ என்று தலைப்பு. நான்கு நாளில் பக்கம் நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு மேளம் பேசப் போனால் “எத்தனை செட்டு?” என்பார்கள். ரெண்டு நாயனம், ரெண்டு தவுல், தாளம், சுருதி சேர்ந்தால் ஒரு செட்டு. ஹோட்டலில் செட் தோசை. ஸ்பேனர் செட். சவுண்டு செட். “அவனும் நானும் ஒரே செட்டு” என்றால் ஒரே வருஷம் படித்தவர்கள். “ரெண்டு பேரும் செட்டு சேந்துட்டானுங்க” என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது. “அவங்களுக்குள்ள செட் ஆகல” என்றால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லூரி வாத்தியார் வேலைக்குப் போகிறவர்கள் எழுதுகிற செட் பரீட்சை வேறு. அது மூன்று எழுத்துச் சுருக்கம், இந்தக் கணக்கில் வராது.

பக்கத்துத் தெரு ஒன்பதாம் வகுப்புப் பெண் பிரிண்ட் எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், கணக்குல வர்ற செட்ட விட்டுட்டீங்க” என்றாள். கணக்கில் செட் என்றால் கணம். அவள் புத்தகத்தில் முதல் பாடமே கண மொழி. ராமானுஜன் பள்ளிக்கூடம் போன ஊரில் கடை வைத்துக்கொண்டு அது விட்டுப் போனது எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்புறம் அகராதி. 20 தொகுதிகளாக 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான் மிக நீளமான பதிவு. 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நடக்கும் திருத்தப் பதிப்பில் ‘ரன்’ என்ற சொல் இதைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். ஓடுகிறவன் உட்கார்ந்தவனை முந்துவது நியாயம்தான்.

உட்கார்ந்தவன் என்று சும்மா சொல்லவில்லை. இந்தச் சொல் பிறந்தது ‘சிட்’ என்பதிலிருந்து. சிட் என்றால் உட்கார். செட் என்றால் உட்கார வை. நம் அமர், அமர்த்து மாதிரி. தன்வினை, பிறவினை என்று தமிழ் ஐயா பிரம்போடு சொல்லிக்கொடுத்ததுதான். பெரிய கடைத் தெருவில் நகைப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள், “கல்லு சரியா உக்காரல” என்பார் ஆசாரி. அதே கல்லை ஆங்கிலத்தில் செட் பண்ணுகிறார்கள். உடைந்த எலும்பை அதன் இடத்தில் உட்கார வைப்பதற்கும் அதே சொல். ஆனால் ‘கூட்டம், தொகுதி’ என்ற பொருளில் வருகிற செட்டுக்கு வேர் வேறு. அது லத்தீனில் ‘பின்தொடர்கிறவர்கள்’ என்ற பொருளுடைய ஒரு சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, உருவம் ஒத்துப்போனதால் இதோடு ஒட்டிக்கொண்டது. ஆக “எங்க செட்டுப் பசங்க” ஒரு வீட்டுப் பிள்ளை, “அலாரம் செட் பண்ணு” இன்னொரு வீட்டுப் பிள்ளை. ஒரே பெயர் வைத்ததால் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சாவி கிடைத்த மாதிரி இருந்தது. வினையாக வருகிற செட் கிட்டத்தட்ட நம்முடைய ‘வை’. பார்த்தீர்களானால், வைக்கோல் போருக்குத் தீ வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம், கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், விலை வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம். ஆங்கிலக்காரன் இத்தனைக்கும் செட் போடுகிறான். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சூரியன் மறைவது, சிமெண்ட் இறுகுவது, தயிர் உறைவது இந்த மூன்றும்தான் ‘வை’க்குள் அடங்கவில்லை. அதை விட்டால் எல்லாப் பூட்டும் திறந்தது. நோட்டில் கொட்டை எழுத்தில் ‘செட் = வை’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அந்தச் சாவிதான் அடுத்த வருஷம் என்னை மாட்டிவிட்டது.

பெரியவர் ஒருவர், குடவாசல் பக்கம். எழுபதைத் தாண்டியவர், வேட்டியை மடித்துக் கட்டாமல் நடக்க மாட்டார். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார். இவருக்கு அப்போது கண் ஆபரேஷன். வாய்தாவுக்குப் போகவில்லை. இவர் இல்லாமலே எதிராளிக்குத் தீர்ப்பாகிவிட்டது. எக்ஸ்பார்ட்டி என்று வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்வது அதுதான், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கச் சொல்லி இவர் வக்கீல் மனுப் போட்டிருந்தார். அந்த மனுவில் வந்த உத்தரவின் நகல் கைக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

மதியம் ஒன்றரை மணி. ஜெராக்ஸ் மெஷின் மாட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னால் நாலு பேர். நான் நகலை ஓட்டமாகப் பார்த்தேன். முந்தைய தீர்ப்பு ‘செட் அசைட்’ என்று இருந்தது. செட் என்றால் வை. அசைட் என்றால் ஒரு பக்கமாக. “ஒதுக்கி வச்சிருக்காங்க ஐயா.”

“ஒதுக்கின்னா?”

“இப்போதைக்கு எடுத்துக்கல. ஓரமா வச்சிருக்காங்க. அப்புறம் பாப்பாங்க.”

பெரியவர் முகம் தொங்கிவிட்டது. “அப்ப அந்தத் தீர்ப்பு அப்படியேதான் இருக்கா தம்பி?”

“அப்படித்தான் தோணுது.”

எந்த அடுக்களையில் கேட்டாலும் ஒதுக்கி வைப்பதற்கு நான் சொன்ன அர்த்தம்தான். கோர்ட்டில் அது நேர் தலைகீழ். அங்கே செட் அசைட் என்றால் ரத்து. அந்தத் தீர்ப்பு ஒழிந்தது, வழக்கு மறுபடி முதலிலிருந்து. பெரியவர் ஜெயித்திருந்தார். நான் தோற்றுவிட்டதாகச் சொல்லி அனுப்பினேன்.

அது பாதித் தப்புதான். மீதிப் பாதி இன்னும் பெரிது. உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது: எதிர்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகை இன்ன தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. நான் முதல் பத்தியில் செட் அசைடைப் பார்த்ததுமே நிறுத்திவிட்டேன், கடைசிப் பத்திக்குப் போகவே இல்லை. பெரியவர் வீட்டில் போய்ப் படுத்துவிட்டார். வக்கீல் கூப்பிட்டபோது, தோற்றவனுக்கு என்ன பேச்சு என்று போனை எடுக்கவில்லை. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது குமாஸ்தா பைக்கிலேயே ஊருக்குப் போய், “ஐயா, ஜெயிச்சுட்டு ஏன் இப்படிப் படுத்துக் கெடக்கீங்க?” என்று எழுப்பி, பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குமாஸ்தா போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ராத்திரியில் அவ்வப்போது வரும்.

மறுநாள் பெரியவர் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். ஒரு சீப்புப் பூவன் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, “ஒதுக்கி வைக்கலையாம் தம்பி, ஒழிச்சுக் கட்டிட்டாங்களாம்” என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

அன்றைக்கு நோட்டில் ‘செட் = வை’யை அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால் அதிலும் தப்பில்லை, வை என்பது சரிதான். தப்பு, நான் வையை மட்டும் பார்த்ததில். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொல்லும், அந்தக் காகிதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்துதான் அர்த்தம். நம் ‘வை’யே அப்படித்தானே? “தள்ளி வைத்தார்” என்றால் கல்யாணத்தையா, பெண்டாட்டியையா, நாற்காலியையா என்று பார்க்காமல் யாராவது அர்த்தம் சொல்வார்களா?

அதற்குப் பிறகு வந்ததுதான் தையல்கார அம்மா கதை. தையல் கடைக்கு வங்கியில் கடன் வாங்கியிருந்தார், மூன்று தவணை நின்றுபோயிருந்தது. அதே வங்கியில் மாதாமாதம் ஆர்.டி. கட்டி வந்தார். வங்கியிலிருந்து கடிதம். அதில் ‘செட் ஆஃப்’. கல்லூரியில் படிக்கிற மகன் படித்துப் பார்த்துவிட்டு, “செட் ஆஃப்னா கிளம்புறதும்மா. அவங்க கிளம்பி வர்றாங்க” என்று சொல்லியிருக்கிறான். பையன் பள்ளியில் படித்தது அதுதான், பொய் சொல்லவில்லை. அந்த அம்மா இரண்டு தையல் மிஷினையும் எதிர்வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிட்டு, சேலையால் மூடிவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். யாரும் வரவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்தார்.

இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. கடிதத்தை மேசையில் விரித்து, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் பென்சிலால் கோடு போட்டேன். செட் ஆஃப், அதற்குப் பின்னால் ‘அகென்ஸ்ட்’. இந்த அகென்ஸ்ட் தான் துப்பு. ஒரு ஊரை நோக்கி செட் ஆஃப் என்றால் கிளம்புவது. வெடியை, அலாரத்தை செட் ஆஃப் என்றால் வெடிக்க வைப்பது, அலற வைப்பது. ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை செட் ஆஃப் என்றால் கழித்துக்கொள்வது. உன் ஆர்.டி. பணத்தை உன் கடன் பாக்கியில் கழித்துக்கொள்வோம் என்று வங்கி முன்கூட்டியே சொல்கிறது, அவ்வளவுதான். யாரும் மிஷினைத் தூக்க வரவில்லை.

எனக்குத் தெரிந்த, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவரைக் கேட்டேன். வாங்கின கடனும் போட்ட பணமும் ஒரே பேரில், ஒரே தகுதியில் இருந்தால்தான் வங்கி அப்படிக் கழிக்க முடியும் என்றார். கூட்டுக் கணக்கோ, வேறு ஒருவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் பணமோ என்றால் நேரில் போய்க் கேட்க வேண்டிய விஷயம். கடிதம் வந்ததும் கதவைச் சாத்தாமல் மேலாளரைப் பார்த்துப் பேசுவது உத்தமம், ஆர்.டி.யை உடைப்பதா, தவணையைக் கட்டுவதா என்று தேர்ந்தெடுக்கவாவது வழி இருக்கும். அந்த அம்மா போய்ப் பேசினார், இரண்டு தவணை கட்டினார், ஆர்.டி. தப்பியது.

இதே செட் ஆஃப் வருமான வரியில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, அங்கே அது நமக்குச் சாதகம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழித்துக் காட்டுவது. வியாபார நஷ்டம் முழுவதையும் இந்த வருஷமே கழிக்க முடியாவிட்டால் எட்டு வருஷம் வரை எடுத்துக்கொண்டு போகலாம், கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால். ஒரே சொல், ஒரு உறையில் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, இன்னொரு உறையில் வந்தால் பணம் மிச்சமாகிறது. அதனால் இப்போது கடிதத்தை விட உறையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

செட்பேக் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, சிரிக்கத்தான் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர் வீடு கட்ட பிளான் போட்டிருந்தார். அதை போனில் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறார். ‘முன் பின்னடைவு 1.5 மீட்டர்’ என்று வந்ததாம். “வீடு கட்ட ஆரம்பிக்கும்போதே பின்னடைவுன்னு போட்டிருக்கானே சார்” என்று கவலையோடு வந்தார். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்தான் அது. அவருடைய கொத்தனாரைக் கேட்டிருந்தால் எழுதப் படிக்காமலே சொல்லியிருப்பார்.

கொத்தனார் என்றதும் சிமெண்ட் ஞாபகம். சிமெண்டின் சோதனைச் சான்றிதழ் ஒன்றைப் படித்துச் சொல்லச் சொல்லி ஒருவர் வந்தார். அதில் முதல் செட்டிங் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, கடைசி செட்டிங் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் அது. முதல் செட்டிங் என்றால் பிசைந்த கலவை இழுத்த இழுப்புக்கு வருவதை நிறுத்தத் தொடங்கும் நேரம். கலவை இறுக ஆரம்பித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிளறி ஒப்பேற்றுவார்கள் சிலர்; அங்கேதான் பலம் போகிறது. இன்னொன்று, செட் ஆகிவிட்டது என்றால் வலுவாகிவிட்டது என்று பொருள் இல்லை. கால் வைத்தால் பதியாது, அவ்வளவுதான். காங்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாள்தான் அளக்கிறார்கள், அதுவரை அது வலுவேறிக்கொண்டே இருக்கும். “தளம் செட் ஆயிடுச்சே, எதுக்கு இன்னும் தண்ணி ஊத்துறீங்க?” என்று கேட்கிற வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வது இந்த ஒரு சொல்லில்தான்.

எனக்குப் பணச் சங்கடத்தை உண்டாக்கியது நாச்சியார்கோவில் விளக்கு.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள், உச்சியில் அன்னம் உட்கார்ந்திருக்கும். ஆனால் அது ஒரே வார்ப்பு இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பாதம் தனி, தண்டு தனி, எண்ணெய் ஊற்றுகிற தட்டு தனி, மேலே அன்னம் தனி. காவிரி வண்டலில் அச்சுப் பிடித்து, பித்தளையை உருக்கி ஊற்றி, ஒவ்வொன்றையும் கடைசலில் கடைந்து, மறை போட்டுத் திருகிச் சேர்க்கிறார்கள். பட்டறை வைத்திருக்கிற நண்பருக்கு மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்தது, மூன்றடி விளக்கு ஆறு செட். “செட்டுன்னா என்ன கணக்கு?” என்று என்னிடம் கேட்டார். பாகங்கள் எல்லாம் சேர்ந்த முழு விளக்குதான் செட், ஆறு செட் என்றால் ஆறு விளக்கு என்று நான்தான் பதில் கடிதமும் அடித்தேன். விலை போட்டோம், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆறு விளக்கு கப்பலேறியது.

அவர்கள் கேட்டது ஜோடி. சந்நிதிக்கு இரண்டு பக்கமும் வைக்க, ஆறு ஜோடி, பன்னிரண்டு விளக்கு. விலையைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, ஒரு ஜோடி இந்த விலைக்குத் தருகிறார்களே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். யார் மேல் தப்பு? அவர்கள் எழுதியதும் செட், நாங்கள் எழுதியதும் செட். இரண்டு பக்கமும் ஒரே சொல்லைப் போட்டு ஒப்பந்தம் பண்ணிக்கொண்டு வேறு வேறு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பர் பேர் கெடக்கூடாது என்று மீதி ஆறை அடக்க விலைக்கே அனுப்பினார். கூலியில் பாதி போனது. நானும் ஒரு பங்கு ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். வாங்கவில்லை, ஆனால் மூன்று மாதம் டீ குடிக்கக் கூப்பிடவும் இல்லை.

அதிலிருந்து ஆர்டர், கொட்டேஷன், டெண்டர் எது அடித்தாலும் செட் என்ற சொல்லை ஒண்டியாக விடுவதில்லை. அடுத்த வரியிலேயே பிரித்துப் போட்டுவிடுவேன்: ஒரு செட் என்பது விளக்கு 2, ஒவ்வொன்றிலும் பாதம் 1, தண்டு 1, தட்டு 1, அன்னம் 1. பாத்திரக் கடைக்காரருக்கு, ஸ்பேனர் விற்பவருக்கு, மேளம் பேசுகிறவருக்குக்கூட இதே முறைதான். என் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒரு செட் மேளம் என்று வாயால் மட்டும் பேசி, ஒரே ஒரு தவுலோடு வந்து நின்றார்கள். முகூர்த்த நேரத்தில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கடைப் பையனுக்கு நான் சொல்லிவைத்திருக்கும் பழக்கங்கள் இதிலிருந்து வந்தவைதான். யார் செட்டு என்று சொன்னாலும், அடிக்கும் முன்னால் “கூரையா, மிஷினா?” என்று கேள். காகிதத்தில் செட் கண்ணில் பட்டால் அதற்கு அடுத்த இரண்டு சொல்லைப் படிக்காமல் வாயைத் திறக்காதே. கோர்ட் காகிதம் என்றால் கடைசிப் பத்தியில் ‘ஃபெயிலிங் விச்’ என்று இருக்கிறதா பார். ‘தவறினால்’ என்று அர்த்தம், தேதி அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் நாம் விளக்கம் சொல்ல வேண்டாம், வக்கீலுக்கு போன் போட்டுக் கொடு. போனில் மொழிபெயர்த்துப் பார்ப்பது தப்பில்லை, ஒற்றைச் சொல்லைப் போடாமல் முழு வாக்கியத்தைப் போடு. அப்புறம், இறந்தகாலத்துக்கும் அது செட்தான். ‘செட்டட்’ என்று அடித்து என் மானத்தை வாங்காதே. இந்தக் கடைசி ஒன்றை மட்டும் இன்னும் அவன் கேட்டபாடில்லை.

வானிலைச் செய்தியில் வருகிற ‘செட் இன்’ நோட்டில் கடைசியாகச் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் போடுவார்கள், பெரும்பாலும் அக்டோபர் 20ஐ ஒட்டி. சும்மா தொடங்குவது இல்லை, வந்து உட்கார்ந்துவிட்டது, சீக்கிரம் போகாது என்ற தொனி அதில் உண்டு. புண்ணில் சீழ் வைத்துவிட்டது என்பதற்கும் டாக்டர்கள் அதையே எழுதுகிறார்கள். பாருங்கள், அங்கேயும் நமக்கு ‘வைத்துவிட்டது’ தான்.

பெரியவர் வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போதும் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார், எனக்கே ஆச்சரியம். போன வாரம் கரண்ட் ஆபீஸ் காகிதம் ஒன்றை நீட்டிவிட்டு, பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

“தம்பி, மொதல்ல இதச் சொல்லு. இதுல அந்தச் செட்டு இருக்கா?”

இருந்தது. பம்பு செட்.